யார் காட்டினாலும் நிறுத்தவேண்டும்

எங்கள் தங்கச்சியின் காது குத்து மாதக்கணக்கில் தள்ளிப்போனதற்கு ஒரு விமானம் காரணம். அது பறக்கிற விமானம்கூட இல்லை. லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு பழைய விமானத் தளத்தில், அருங்காட்சியகக் கொட்டகைக்குள், சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்தியிருந்த கிழட்டுப் போர் விமானம். அது தன் பாட்டில் நின்றது. சனிக்கிழமை தவறாமல் போய் அதற்குத் தொண்டு செய்தவர் மாமா. அதைப் பொறுக்காதவர் அம்மா. காது குத்துவதென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்கவேண்டும். ஒஸ்லோ முழுக்க வலை போட்டாலும் எங்களுக்கு அகப்படக்கூடியவர் அந்த ஒரே ஒரு மாமன்தான். அவரோடு அம்மா கதைப்பதில்லை. அதனால் தங்கச்சி மூளிக் காதோடு தவழத் தொடங்கி, மூளிக் காதோடு எழும்பி நிற்கவும் பழகிவிட்டாள்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. இளவயதில் நோர்வேக்கு வந்து, வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் கத்தியோடு நின்றவர். பிறகு தெற்கே இறங்கி பஸ் ஓட்டினார். லில்லெஸ்ட்ரோமில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். அந்தக் கொட்டகையில் கூடுகிறவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் முன்னாள் தபால்காரர், ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர், இரண்டொருவர் உண்மையிலேயே விமானப்படையில் எஞ்சின் பார்த்தவர்கள். பழைய விமானங்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றடித்து, இடைக்கிடை வெளியே இழுத்துக் கட்டிவைத்து எஞ்சினை ஓடவிடுவார்கள். ஓடாமல் கிடந்தால் எஞ்சின் உள்ளுக்குள் துருப்பிடித்துச் செத்துப்போகுமாம். பறக்கவிடுவதில்லை. நின்ற இடத்தில் நின்று கத்தவிடுவது மட்டும்தான்.

இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. கூலியில்லாமல் கூடி வேலை செய்வதற்கு நோர்வேக்காரர் டுக்நாட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் எங்கள் மாடிக் கட்டடத்திலும் வசந்தம் வந்தால் எல்லா வீட்டுக்காரரும் விளக்குமாறோடு கீழே இறங்கி முற்றம் கூட்டுவார்கள், கடைசியில் சொசேஜ் சுட்டுச் சாப்பிட்டுக் கலைவார்கள். “இது எங்கடை சிரமதானம்தான். சொசேஜ் மட்டும் புதுசு,” என்பார் அப்பா. அம்மாவுக்கும் அதில் குறையில்லை. முற்றத்தைக் கூட்டலாம். விமானத்தைத் துடைப்பதுதான் பிரச்சினை.

அதற்குக் காரணம் எங்கள் வரவேற்பறை அலுமாரித் தட்டில் இருந்தது. இரட்டைப் பின்னலும் வெள்ளைப் பள்ளிச் சட்டையுமாகச் சித்தியின் படம். அதற்குமுன் ஊதுபத்தி கொளுத்தினால் புகை மணி அலறி, மேல் வீட்டுக் கிழவி கதவைத் தட்டுவாள் என்பதால் ஒரு சின்ன மின்விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சித்தி அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கை. நான் கண்டதில்லை. ஒரு பகல் நேரம் விமானம் வந்தது, வீடு விழுந்தது, சித்தி போய்விட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கதை இவ்வளவுதான். ஒரு வசனத்துக்கு மேல் யாரும் அதைச் சொன்னதில்லை.

மிச்ச வசனங்களை நான் கேட்டது மாமாவும் அம்மாவும் சண்டை பிடித்த நாளில்தான். மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சோற்றைப் பிசைந்தபடி, “அக்கா, போன கிழமை எஞ்சினை ஓடவிட்டனாங்கள். நான்தான் பக்கத்திலை தீயணைக்கிற போத்திலோடை நிண்டனான்,” என்றார், பரீட்சையில் பாஸ் பண்ணிய பிள்ளை மாதிரி. அவர் விமானத்துக்குப் போகிற சங்கதி அன்றுதான் அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டார்.

“எந்த எஞ்சினை?”

“அது ஒரு நாளும் ஒருத்தருக்கு மேலையும் குண்டு போடாத பிளேன் அக்கா. காவலுக்கு நிண்டது.”

“கொத்தாத பாம்பும் பாம்புதான். நீ பாம்புக்குப் பால் வாக்கிறாய்.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ.”

“வேறை எப்பிடிச் சொல்ல? இந்த ரெண்டு கையாலையும் கிண்டினனான் தம்பி. கல்லுக் கல்லாத் தூக்கினனான். எல்லாச் சனமும் ஓடிக்கொண்டிருந்தது. என்னடி பிள்ளை தேடுறாய் எண்டு ஒருத்தர் நிண்டு கேக்கேல்லை. ஒருத்தர்.”

மாமா சோற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “நான் அப்ப பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். நீங்களும் அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்டியள். நான் கேக்கேல்லை. ஒருக்காவெண்டாலும் அதுக்குக் கிட்ட நிண்டு கேக்கவேண்டாமோ?”

“கேட்டாச்சுத்தானே? இனி ஏன் துடைக்கிறாய்?”

மாமா எழும்பினார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். சோறு அரைவாசி மிச்சம். அம்மா அந்தச் சோற்றுக் கோப்பையை வெகுநேரம் கழுவினார்.

ஊரில் அப்போது வானம் சும்மா இருந்த காலம். சமாதானப் பேச்சுக்கு நோர்வேக்காரர் நடுவில் நின்றார்கள். எங்கள் வீட்டுச் சமாதானத்துக்கு அப்பா நடுவில் நின்றார். இரண்டு பேச்சும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போயின. அப்பா பொறுமைசாலி. “பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேணும், ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேணும்,” என்பார். அம்மாவுக்குக் கேட்காத தூரத்தில்தான் சொல்வார். கோடை முழுக்க ஆடியும் பாடியும் பார்த்து, இலை பழுக்கிற நேரத்தில் மாமாவிடமிருந்து ஒரு வார்த்தை வாங்கிவந்தார்: அக்கா ஒருதரம் வந்து பார்க்கட்டும். பார்த்த பிறகும் விடச் சொன்னால் அன்றோடு விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கமே போகமாட்டேன்.

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். “வாறன் எண்டு சொல்லுங்கோ. பாத்திட்டு விடத்தான் சொல்லுவன். அதையும் சொல்லுங்கோ.”

அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தோசம். அம்மாவுக்கு நோர்வே மொழி கடையளவுக்கு வரும், கதையளவுக்கு வராது. ஆகவே நான் மொழிபெயர்ப்பாளர். போதாததற்கு, எஞ்சின் ஓடி முடிந்ததும் என்னை விமானி இருக்கையில் ஏற்றி இருத்துவதாக மாமா தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா தங்கச்சியோடு வீட்டில் நின்றுவிட்டார். வாசலில் வைத்து என் பையில் ஒரு தேங்காயைப் போட்டு, “தொடங்க முன்னம் சக்கரத்துக்கு முன்னாலை உடைக்கச் சொல்லு. எந்த வாகனமெண்டாலும் சகுனம் ஒண்டுதான்,” என்றார்.

விமானத்தை வெளியே இழுத்துவைத்திருந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சின்னது. சாம்பல் நிறம், மூக்கில் கறுப்பு. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, காலில் சங்கிலி, சங்கிலி நிலத்தில் பதித்த வளையத்தில். அம்மா விமானத்தைப் பார்க்கவில்லை. சங்கிலியைத்தான் பார்த்தார்.

நான் என் கடமையைச் செய்யத் தேங்காயை எடுத்து நீட்டினேன். மாமா பாய்ந்து வந்து பறித்தார்.

“ஐயோ பிள்ளை, ஆர் தந்தது? இதை இஞ்சை உடைச்சால் சிரட்டை சிதறிப் பறக்கும். ஒரு துண்டு அந்த வாய்க்குள்ளை போச்சுதெண்டால் எஞ்சின் முடிஞ்சுது, நானும் முடிஞ்சன்.”

“கொத்தான் தந்தவர்,” என்று அப்பாவைச் சொன்னார் அம்மா. பல மாதங்களுக்குப் பிறகு தம்பியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

உண்மையாகவே அந்த எஞ்சின் எதையும் உறிஞ்சி இழுத்துவிடுமாம். அதனால் ஓடவிட முன்பு எல்லோரும் வரிசையாகத் தோளோடு தோள் நின்று, தலையைக் குனிந்தபடி, தார்த்தரையில் மெல்ல மெல்ல நடந்து கல், ஆணி, குச்சி என்று கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்குகிறார்கள். பெரிய பெரிய கிழவர்கள் சின்னக் கல்லைத் தேடி நடப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலைத் தலைப்பைக் குளிர்ச் சட்டைக்குள் செருகிவிட்டு, தானும் வரிசையில் போய் நின்றார். அரிசியில் கல் பொறுக்கிய கண் அல்லவா. திரும்பி வரும்போது கை நிறைய வைத்திருந்தார். முன்னாள் தபால்காரர் எட்டிப் பார்த்து, “இவரை வேலைக்கு எடுங்கள், எங்கள் கண்ணாடிகளை விற்றுவிடலாம்,” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் கல்லை அவருடைய வாளியில் போட்டார்.

பிறகு அவர்களுடைய தலைவர் எல்லோரையும் கூப்பிட்டார். மிக நெட்டையான, வெள்ளைத் தாடிக்காரர். யார் எங்கே நிற்பது, காற்று எந்தப் பக்கம், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லிக்கொண்டுபோய், கடைசியில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்துக் காட்டினார். நான் அம்மாவுக்குச் சொன்னேன்:

“ஆர் வேணுமெண்டாலும் இப்பிடிக் கையைப் பிடிச்சா, மேலை இருக்கிறவர் உடனை எஞ்சினை நிப்பாட்டிப்போடுவாராம். நிப்பாட்டின பிறகுதான் ஏனெண்டு கேப்பினமாம். பிழையாக் காட்டினாலும் ஒருத்தரும் பேசமாட்டினமாம்.”

“ஆர் வேணுமெண்டாலுமோ?”

“ஓம்.”

“நானுமோ?”

இதென்ன கேள்வி என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். வெள்ளைத் தாடிக்காரர் அம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னார்: “முக்கியமாக நீங்கள். பழகின கண்ணுக்குத் தெரியாதது புதுக் கண்ணுக்குத்தான் தெரியும்.”

அம்மா கையிலிருந்த தேத்தண்ணிப் போத்தலை நிலத்தில் வைத்தார். ஒரு கையை மற்றக் கைக்கு மேல் வைத்து, நெஞ்சுக்கு முன்னால், சரிதானா என்று பார்க்கிறவர் மாதிரிக் குறுக்காகப் பிடித்தார். பிறகு இறக்கிவிட்டார்.

எங்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிற்பாட்டி, காது மூடிகளைத் தந்தார்கள். என்னுடையது பெரிது, கையால் அழுத்திப் பிடிக்கவேண்டியிருந்தது. எஞ்சின் பார்த்தவர்களில் ஒருவர் மேலே ஏறி உட்கார்ந்தார். தாடிக்காரர் முன்னால் நின்றார். மாமா இறக்கைக்குப் பக்கத்தில், சிவப்புப் போத்தலோடு.

முதலில் கொசு மாதிரி ஒரு சத்தம். அது மெல்ல ஏறி விசிலாகி, விசில் தடித்து, திடீரென்று பின்னால் ஏதோ பற்றிக்கொண்ட மாதிரி ஓர் உறுமல். மண்ணெண்ணெய் மணம் வந்தது. காது மூடியிருந்தாலும் சத்தம் காதால் வரவில்லை, காலால் வந்தது. நிலம் நடுங்கி, முழங்கால் நடுங்கி, நெஞ்செலும்புக்குள் வந்து உட்கார்ந்தது. விமானம் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னால் குனிந்தது. எனக்குப் பயமும் சந்தோசப் புளுகமுமாக இருந்தது. இன்னும் கூட்டுங்கோ, இன்னும் கூட்டுங்கோ என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டு நின்றேன். அவர்களும் கூட்டினார்கள்.

அப்போதுதான் தாடிக்காரரின் தலை எங்கள் பக்கம் திரும்பியது. அவருடைய கைகள் மின்னல் மாதிரி மேலே போய்க் குறுக்காயின. இறக்கைப் பக்கம் மாமாவின் கைகளும், வாளியோடு நின்ற தபால்காரரின் கைகளும். ஒருவரைப் பார்த்து ஒருவர், எல்லோரும்.

நான் பக்கத்தில் திரும்பினேன். அம்மா காது மூடியைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேல் உயர்ந்து, மணிக்கட்டில் குறுக்காக, வளையல்கள் முழங்கைவரை சரிந்துகிடந்தன. கண் இமைக்கவில்லை.

சத்தம் விழுந்தது. ஒரு நொடியில் அடங்கவில்லை, ஆனால் விழுந்துகொண்டே போனது. உறுமல் போய், விசில் போய், கொசுவும் போய், கடைசியில் உள்ளே எதுவோ டிக் டிக் என்று சுழன்று நின்றது. சங்கிலி தளர்ந்தது. எங்கோ ஒரு காகம் கத்தியது கேட்டது. அம்மா கையை இறக்கவில்லை. தாடிக்காரர் கயிற்றுக்குக் கிட்ட வந்து நின்ற பிறகுதான் இறக்கினார்.

அவர் கோபமாக இல்லை. “என்ன கண்டீர்கள்?” என்று கேட்டார்.

நான் அம்மாவிடம், “என்ன கண்டனீங்களாம்?” என்றேன்.

“கண்டனான் எண்டு சொல்லு.”

“என்னத்தை அம்மா?”

“கண்டனான் எண்டு மட்டும் சொல்லு.”

சொன்னேன். எங்கே என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அம்மா கையை நீட்டி, இறக்கைக்குக் கீழே, நிலத்தைக் காட்டினார்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப்போய் மற்றவர்களுக்கு ஏதோ சொன்னார். உடனே எல்லோரும் தேடத் தொடங்கினார்கள். ஒருவர் டோர்ச் எடுத்து விமானத்தின் வாய்க்குள் தலையை விட்டார். ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தடவினார். கணக்கு வாத்தியாருக்கு முழங்கால் மடங்காது. அவர் தார்த்தரையில் முழுக் குப்புறப் படுத்து, கன்னத்தை நிலத்தில் வைத்துப் பார்த்தார். மேலே இருந்தவரும் இறங்கி வந்தார். இறக்கைக்குக் கீழே, அம்மா காட்டிய இடத்தில், கிழவர்கள் எல்லோரும் முழங்காலில் நின்று, உள்ளங்கையால் நிலத்தைத் தடவித் தடவித் தேடினார்கள். ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மாமா மட்டும் தேடாமல் நின்றார். சிவப்புப் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போத்தலை இறக்கி வைத்துவிட்டு அவரும் முழங்காலில் இருந்தார்.

அம்மா கயிற்றுக்குக் கீழால் குனிந்து போனார். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சேலை கறுப்பாவதையும் பாராமல், இரண்டு கையையும் விரித்து நிலத்தில் வைத்தார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல், தலை முட்டுகிற நெருக்கத்தில், அந்தத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பது சும்மா வந்த சொல் இல்லை. மாமாவின் முதுகு குலுங்கியது. எண்ணெய் பட்டு வழுக்குகிறதாக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. வேறொன்றுக்குமில்லை. இனி என்னை யார் விமானி இருக்கையில் ஏற்றுவார்கள் என்றுதான்.

கடைசியில் தாடிக்காரர் எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தார். “நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. மன்னிக்கவேண்டும். ஆனால் காட்டினதற்கு நன்றி,” என்றார். நான் அதை அப்படியே சொன்னேன். அம்மா இரண்டு கையையும் கூப்பினார். தாடிக்காரருக்கு அது புதுசு. தன்னுடைய எண்ணெய்க் கையையும் அதே மாதிரிக் கூப்பினார்.

அன்று மறுபடி எஞ்சினை ஓடவிடவில்லை. அயலில் குடியிருக்கிறவர்களோடு அவர்களுக்கு ஓர் உடன்பாடு, குறித்த நேரத்துக்குப் பிறகு சத்தம் போடக்கூடாது. நேரம் தேடுவதிலேயே போய்விட்டது. பனி வர முன்பு அதுதான் கடைசித் தடவை என்று பிறகு தெரிந்தது. அதற்கும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் கோப்பி ஊற்றித் தந்தார்கள். அம்மா கொண்டுவந்த மீன் ரோல்ஸ் ஒன்றும் மிஞ்சவில்லை. உறைப்பில் கணக்கு வாத்தியாரின் மூக்குச் சிவந்து, கண்ணீர் வடிய வடிய இரண்டாவதையும் எடுத்தார்.

வாசலில் வைத்து மாமா கேட்டார்: “சொல்லுங்கோ அக்கா. விடட்டோ?”

அம்மா அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

“முன்னாலை நிக்கிறாரே அந்தப் பெரியவர், அந்த வேலையை உனக்குத் தருவினமோ?”

“பழகினாத் தருவினம்.”

“அப்ப பழகு. போறதெண்டால் முன்னாலை நில். கண்ணை எடுக்காமல் நில். ஆர் கையைத் தூக்கினாலும் உனக்குத் தெரியவேணும்.”

மாமா தலையை ஆட்டினார்.

தங்கச்சிக்குக் காது குத்தியது அடுத்த மாதம், மாமாவின் மடியில்தான். அவள் கத்திய கத்தலுக்கு, “இவளுக்கு முன்னாலை ஆர் கையைத் தூக்கி நிப்பாட்டுறது?” என்றார் அப்பா. அம்மாவும் மாமாவும் சேர்ந்து சிரித்தார்கள். தேங்காயைச் சொல்ல மறந்துவிட்டேன். அது உடைபடாமலே வீடு திரும்பி, அடுத்த நாள் சம்பலானது.

ஆனால் நான் சொல்லவந்தது ரயிலில் திரும்பிவந்ததைத்தான். பின்னேரம். அம்மா ஜன்னல் பக்கம் இருந்தார். சேலையில் முழங்கால் இருந்த இடம் இரண்டும் கறுப்பாக இருந்தன. வழக்கமாக இப்படிக் கறை பட்டால் வீடு போய்ச் சேரும்வரை புலம்புகிறவர், அன்றைக்கு அதைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையிலும் கறுப்பு. துடைக்கக் கடதாசி எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு விமானி இருக்கை பறிபோன துக்கம் அடங்கவில்லை.

“கடைசியிலை ஒண்டும் கிடைக்கேல்லைத்தானே அம்மா?”

“இல்லை.”

“பாவம், வயசுபோன ஆக்கள். எல்லாரும் வீணா முழங்காலிலை நிண்டு…”

“தேடினவைதானே,” என்றார் அம்மா.

சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, எனக்கில்லாமல் தனக்கே சொல்கிற மாதிரி, இன்னொருதரம்: “நிண்டு கேட்டு, தேடினவைதானே.”

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஜன்னல் கண்ணாடி கறுத்து அம்மாவின் முகம் அதில் வந்தது. அம்மா எதையோ தொலைத்திருக்கிறார், வெட்கத்தில் சொல்லாமல் இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் ஓடி வெளித்தது. தார்த்தரையில் விழுந்தால் எளிதில் கண்ணில் படாத ஏதோ சின்னப் பொருள். கண்ணாடியில் அவருடைய காதுகளைப் பார்த்தேன். இரண்டு தோடும் இருந்தன. கழுத்தைப் பார்த்தேன், தாலிக்கொடியும் சங்கிலியும் இருந்தன. கையை மெல்லத் திருப்பி வளையல்களைப் பார்த்தேன். அம்மா தடுக்கவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அம்மாவிடம் குறைந்தது ஒன்றுமில்லை என்று எனக்குப் பெரிய நிம்மதியாகப் போய்விட்டது.